மியூசியத்தில் பூக் கேட்டது

அத்தைக்கு வந்த சூலூர் சம்பந்தம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். எனக்கு அப்போது எட்டு வயது.

மாப்பிள்ளைக்குச் சொந்தமாகத் தறிப்பட்டறை இருந்தது. அத்தை சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அத்தை மாட்டேன் என்றாள். அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "சாமி என்ன சொல்லுதோ அதுதான்" என்று முடித்துவிட்டார்.

சாமி என்றால் எங்கள் புலிகுத்திக் கல். பட்டிக்குள் புகுந்த புலியை ஈட்டியால் குத்தியபடி எங்கள் பாட்டனார் அதில் நிற்கிறார். எந்த நல்ல காரியமானாலும் அவர் முன்னால் இரண்டு பொட்டலங்கள் வைத்துப் பூக் கேட்போம். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. குழந்தை எடுப்பது வெள்ளையானால் சம்மதம், சிவப்பானால் வேண்டாம். ஆனால் ரோட்டை அகலப்படுத்தியபோது பாட்டனாரை ஊர் மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கமாகப் பொட்டலம் கட்டும் பூசாரி அங்கே வரமாட்டேன் என்றுவிட்டார். டிக்கெட் எடுத்துச் சாமி கும்பிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "நானே கட்டறனுங்கண்ணா" என்று அத்தையே கட்டி எடுத்துக்கொண்டாள்.

முதுமக்கள் தாழி, பானை ஓடுகள், பள்ளிப் பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் எல்லாம் தாண்டிப் பாட்டனார் நின்றார். மஞ்சளும் எண்ணெயும் போய், அப்போதுதான் குளித்து வந்தவர் போலிருந்தார். அந்தக் கூடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு இளகிவிடும்.

"ஏனுங்க, பூவெல்லாம் இங்க வெக்கக் கூடாதுங்க" என்று காவலாளி ஓடி வந்தார்.

"தங்கச்சி கண்ணாலமுங்க. ரெண்டே நிமிசம், கேட்டுப்போட்டுப் போயர்றமுங்க" என்றார் அப்பா.

கல்யாண விஷயம் என்றதும் காவலாளியும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார்.

"எடு அம்மணி" என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

எடுத்தேன். சிவப்பு. அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. "சரிங்க, உங்க இஷ்டமுங்க" என்று கல்லைப் பார்த்துச் சொன்னார். மிச்சமிருந்த பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "கால் படாத எடத்துல போட்டுட்டு வா, கண்ணு" என்றார்.

"இங்க குடு, நான் போட்டுக்கறேன்" என்று அத்தை கை நீட்டினாள். அதற்குள் நான் வாசலுக்கு ஓடிவிட்டேன். வேலியோரம் பிரித்துக் கொட்டினால், அதிலும் சிவப்பு அரளிதான்.

சொன்னால் அத்தைக்குத் திட்டு விழுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் என்னை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கோ ஒரே கவலை. இரண்டு பொட்டலத்தை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவளை அந்தக் கம்பெனிக்காரர்கள் எத்தனை நாளைக்கு வேலையில் வைத்திருப்பார்கள்?