எதிர்வீட்டு டேபிள் ஃபேன்

எங்கள் காலனியில் இஞ்சினியரிங் என்றால் மிக்ஸி ரிப்பேர். அத்தை கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது முடிவாகிவிட்டது. மதுக்கரையில் எங்களுடையது இரண்டே வீதிகள். ஆண்கள் சிமெண்ட் ஃபேக்டரிக்கு மூட்டை ஏற்றப் போவார்கள், பெண்கள் தோட்டத்து வேலைக்குப் போவார்கள். அங்கிருந்து இஞ்சினியரிங் படிக்கப் போன முதல் ஆள் என் அப்பாவின் தங்கைதான். அவள் எடுத்தது சிவில். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸி எந்த வீட்டில் நின்றுபோனாலும் நேராக எங்கள் வாசலுக்கு வந்தது.

“நான் சிவிலுங்க. ஊடு கட்டறது, பாலம் கட்டறது, அதுதானுங்க எங்க படிப்பு” என்பாள் அத்தை.

“ஊடு கட்டறதுக்குத்தான் மேஸ்திரி இருக்கறாங்களே அம்மணி. நீ இதப் பாரு” என்று மிக்ஸியை வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் கழித்து அது வந்த நிலையிலேயே திரும்பிப் போகும். இஞ்சினியரிங்கின் மரியாதை ஒரு படி இறங்கும்.

இதில் சோர்ந்துபோகிற பெண்ணாக இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம். அத்தை அப்படி இல்லை. விடுமுறை வந்தால் பிரச்சாரத்துக்குக் கிளம்பிவிடுவாள். எந்த வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிறதோ அந்த வீட்டில் போய் உட்கார்ந்து, கவுன்சிலிங், கட்டணச் சலுகை, பஸ் பாஸ் என்று அவர்கள் உயிரை வாங்குவாள். கூடவே என் உயிரும் போகும். ஒன்பது வயதில் நான்தான் அவளுக்கு மாதிரிப் பொருள். பேசி முடித்ததும் என் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். நான் உடனே “நானும் இஞ்சினியர் ஆவேனுங்க” என்று சொல்ல வேண்டும். எனக்கோ பஸ் கண்டக்டராகி விசில் ஊத வேண்டும் என்று ஆசை. கோயமுத்தூர் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் என்னை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பொருட்காட்சியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அந்த வருடம் அத்தை குறிவைத்தது எதிர்வீட்டு அக்காவை. கணக்கில் அந்த அக்கா எங்கள் பக்கத்தில் யாரும் வாங்காத மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவளுடைய அப்பாவை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். மூட்டை ஏற்றப் போகிறவர். அதிகம் பேச மாட்டார், அவர் வீட்டில் பேச்செல்லாம் அவருடைய அண்ணனுடையதுதான். அண்ணன் சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்துக் கல்யாணமும் செய்துவைத்தவர் என்பதால் தம்பி அவர் முன்னால் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அக்காவை நூல் மில்லுக்கு அனுப்புவதாக அவர் ஒரு ஏஜெண்டிடம் சொல் கொடுத்துவிட்டார். ஹாஸ்டலிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். நாளை மறுநாள் வந்து கூட்டிப்போகிறார்கள்.

இது தெரிந்ததும் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் புகுந்தாள். அண்ணன் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற மனிதர் கை கழுவும்வரைகூடப் பொறுக்காமல் ஆரம்பித்துவிட்டாள். என் முதுகில் தட்டு விழுந்தது, நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலைத்தேன்.

அண்ணன் நிதானமாக மோர் குடித்து முடித்தார். “ஏனம்மணி, இந்தப் படிப்புப் படிச்சுப்போட்டு நீ ஒரு மிக்ஸிய ஓட்டிக் காட்டிருக்கறயா? சொல்லு பாக்கலாம்.”

அத்தைக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. சிவில் என்று முனகினாள். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

“எங்கூட்டு டேபிள் ஃபேனு ஓடறதில்லீங்ணா. இந்தப் புள்ள அத ஓட வெச்சுட்டா, நம்ம புள்ளய காலேஜுக்கு உட்டுருலாமுங்க. இல்லீனா மில்லுக்கே போகட்டும்.”

அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாமா அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு ஃபேனை எடுத்துவர உள்ளே போனார். பத்தடிக்குப் பத்தடி இருந்த வீட்டில் ஒரு ஃபேனை எடுத்துவர அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அண்ணனும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஏஜெண்ட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒரு பெண்ணின் படிப்பை ஒரு ஃபேனில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள்.

அடுத்த நாள் முழுக்க எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அத்தை முன்பக்கக் கூண்டைக் கழற்றினாள், இறக்கையைக் கழற்றினாள், பின்னால் மோட்டார் மூடியைக் கழற்றினாள், உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றினாள். பழைய செய்தித்தாள் விரித்து ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்தாள். அம்மா சோற்றுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்து அலுத்துப்போய், “உங்கண்ணன் வரட்டும், இருக்குது” என்று கத்தினாள். அப்பா வந்தார், பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என் வேலை டார்ச் பிடிப்பது. கை வலிக்கிறது என்றால் “இஞ்சினியர் ஆகறவ இப்படி இருந்தா எப்படி?” என்றாள். எனக்கு அவளைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள். ஃபேன் உறுமக்கூட இல்லை. போதாக்குறைக்கு இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருந்தன. அவை பளபளவென்று இருந்ததால் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அத்தை ஃபேனைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். “முடியலீங் மாமா” என்றாள். அழுதாள். யார் என்ன சொன்னாலும் வாய் ஓயாத அத்தை அப்படி அழுததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மாமா ஃபேனைப் பார்த்தார். கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. “இதென்ன அம்மணி, எங்கெங்கியோ கை வெச்சிருக்கற!” என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “ஏங்கண்ணு, உங்கத்த கழட்டுனதுல ஏதாச்சும் மிச்சங் கெடக்குதா?” என்று கேட்டார். ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உரச்சாக்கில் கட்டிய ஃபேனை சைக்கிள் கேரியரில் வைத்து மார்க்கெட் பக்கமாக மிதித்தார். பழைய இரும்புக்குப் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணனும் ஏஜெண்டும் வந்தார்கள். அக்காவின் துணிப்பை வாசலில் தயாராக இருந்தது. மாமா எங்களை எல்லாம் கூப்பிட்டனுப்பினார். அத்தை வரமாட்டேன் என்று சுவரோரம் படுத்திருந்தாள். அம்மாதான் கிளப்பிக் கூட்டிவந்தாள். மாமா ஃபேனை ஸ்டூலில் வைத்து, “நீங்களே அமுத்துங்ணா” என்றார். அண்ணன் பொத்தானை அழுத்தினார். ஃபேன் ஓடியது. தலையைத் திருப்பித் திருப்பி எங்கள் எல்லோருக்கும் காற்று கொடுத்தது.

“புள்ள சரி பண்ணிப்போட்டாளுங்ணா” என்றார் மாமா.

“மாமா, நானு இல்லீங்...” என்று அத்தை ஆரம்பித்தாள்.

“சும்மாரு அம்மணி! பெரியவங்க முன்னால அடக்கமா இருக்கோணும்னு நெனைக்கறா பாருங்ணா.”

பொய் என்று கத்த நான் வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் அழுத்திக் கிள்ளினாள். அண்ணன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜெண்ட் டீ டம்ளரை வைத்துவிட்டு இரும ஆரம்பித்தார். கடைசியில் அண்ணன், “செரி, சொன்னது சொன்னதுதான். உன்ற புள்ள, உன்ற இஷ்டம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அக்கா கவுன்சிலிங்குக்குப் போனாள். இரண்டு பேரும் ஒரே கல்லூரிப் பஸ்ஸில் ஏறினார்கள். அதனால் எனக்கு என்ன வந்தது? காலனியில் இருந்த அத்தனை மிக்ஸியும் மறுபடி எங்கள் வாசலுக்குத்தான் வந்தன. சிவில் படிப்பு முடிவதற்குள் அத்தை வேறு வழியில்லாமல் மிக்ஸிக்குக் கார்பன் மாற்றக் கற்றுக்கொண்டாள். நான் அவளோடு கொஞ்ச நாள் பேசவில்லை. வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியதற்கு என்னை அடித்தவள், செய்யாத வேலைக்குப் பேர் வாங்கிக்கொண்டு சும்மா நின்றாளே என்று கோபம். மாமாமேல் அதைவிடக் கோபம். அத்தையை எல்லோர் முன்னாலும் சோதித்ததும் அவர்தான், பொய் சொன்னதும் அவர்தான்.

போன தை மாதம் அக்காவின் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். பிளான் போட்டுக் கட்டியது அத்தை. நான் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், அந்த வருத்தத்தை அத்தை பந்தியில்கூட விடவில்லை. அவளிடமிருந்து தப்பித்து மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த ஃபேனில் என்னதான் கோளாறு என்று கேட்டேன்.

“கோளாறு என்ன கோளாறு? நாந்தான் ஒயர அறுத்து உட்டேன்.” இத்தனை வருடம் கழித்தும் அவருக்கு ஆத்திரம் தீரவில்லை. “எங்கண்ணங்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது கண்ணு. ஃபேனு ஓடிருச்சுன்னா சொன்ன சொல்லக் காப்பாத்துவாரு. கீழ் மூடியக் கழட்டுனாப் போதும், ஒயரு கண்ணுக்கு நேரா தொங்கும். எல்.கே.ஜி. புள்ள கண்டுபிடிக்கும். உங்கத்த அத ஒருக்கா திருப்பிப் பாத்தாளா? நல்லா இருந்த மோட்டார அக்குவேறு ஆணிவேறாக் கழட்டிப்போட்டாளே! ரிப்பேர்க்காரன் அரை நாள் உக்காந்தான்.”

அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் நின்று நான் பார்த்தது ஓடுகிற ஃபேனை மட்டும்தான். ஏஜெண்ட் வெறும் கையோடு வீதியில் இறங்கிப் போனார். அக்கா துணிப்பையை உள்ளே எடுத்து வைத்தாள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபேன்தான் ஓடுகிறதே, இன்னும் எதற்கு இந்த மனிதருக்கு இப்படி வேர்க்கிறது என்று நினைத்தேன். என் கவலையெல்லாம், அந்த இரண்டு ஸ்க்ரூவையும் அவர் எனக்குத் திருப்பித் தரவில்லையே என்பதுதான்.