கலியாண வாசலுக்கு இரண்டு வாழை

2024 ஜூன் எட்டாம் திகதி, சனிக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. வானத்தில் ஒரு முகில் இல்லை. சோளகக் காற்று மட்டும் இரவு முழுவதும் வீசி, விடிந்த பிறகும் எங்கள் வாசல் படலையை அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் என் பேத்திக்குக் கலியாணம், கோப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே. வேலைகளைப் பங்கிட்டபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. எழுபத்தொன்பது வயது, இரண்டு முழங்காலிலும் நோ, ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை. நான் காரணம் கேட்கவுமில்லை. பந்தல்காரர் வாசலுக்குப் பிளாஸ்டிக் வாழைமரம் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றுதான் வாய் திறந்தேன். குலையும் பிளாஸ்டிக், குலை நுனியில் தொங்கும் பூப்பொத்தியும் பிளாஸ்டிக். அதுவும் வாடகைக்கு.

“சுத்திவர வாழைத் தோட்டம். இதுக்குள்ளை வாடகை வாழையோ?” என்று மகளிடம் கேட்டேன்.

“சரியப்பா, அப்ப நீங்களே கொண்டுவாங்கோ. சனிக்கிழமை பன்ரண்டு மணிக்கு வாசல் கட்டுவினம். அதுக்குள்ளை வந்தால் உங்கடை வாழை, வராட்டில் அவையின்ரை வாழை. பிறகு கலியாணத்தண்டு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கப்படாது.”

எங்கள் பக்கத்தில் வாசல் வாழை வேண்டியவர்கள் ஒரு மாதம் முன்னரே தோட்டக்காரரிடம் சொல்லிவைப்பார்கள். சொன்னால் இரண்டு மரத்தில் பொத்தியை ஒடிக்காமல் விடுவார்கள். சொல்லாவிட்டால், கடைசிச் சீப்பு விரிந்ததும் பொத்தி சந்தைக்குப் போய்விடும். பொத்தி இல்லாத குலையை வாசலில் கட்டினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சொல்லிவைத்தால் அவர்கள் தருவதைத்தான் எடுக்க வேண்டும். நான் என் கண்ணால் பார்த்து, எண்ணி, சோடி சேர்த்து எடுக்க நினைத்தேன். இரண்டு குலையிலும் சீப்பு ஒரே தொகையாக இருக்க வேண்டும். சாத்திரம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் ஒன்பதும் அந்தப் பக்கம் ஏழும் தொங்கினால் தாலி கட்டும்வரை எனக்கு வேறெதுவும் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

ஒரு சின்ன லொறி பிடித்தேன். சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனிதர். உரும்பிராயில் முதல் தோட்டத்தில் குலை போட்ட மரங்கள் நாற்பத்தொன்று. பொத்தியோடு மூன்று, சீப்பு ஆறு, எட்டு, ஐந்து. இரண்டாவது தோட்டத்தில் குலைகள் இருபத்தாறு, பொத்தி ஒன்றுகூட இல்லை. முதல்நாள்தான் ஒடித்திருந்தார்கள். ஒரு பனையோலைக் கடகத்தில் குவிந்து கிடந்தன, பதினேழு.

“ஐயா, பொம்பிளை பாக்கேக்கையும் இப்பிடித்தான் ஏறி இறங்கினியளோ?” என்றார் சாரதி.

“அங்கை எண்ண வேண்டி வரேல்லை. ஒராள்தான்.”

மூன்றாவது தோட்டத்துக்குள் போனபோது மணி பத்தரை. கவலைப்படுவதற்குப் போதிய காரணம் இருந்தும் எனக்கு அங்கே மனம் லேசானது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. செம்பாட்டு மண் செருப்பை விடாமல் பிடித்தது. கிழிந்த இலைகள் காற்றில் அடிக்கும் சத்தம், யாரோ நூறு பேர் ஒன்றாகக் கைதட்டுவது போல இருந்தது. ஒவ்வொரு குலைமரத்துக்கும் காற்று தள்ளும் பக்கமாக ஒரு முட்டுத் தடி. தோட்டக்காரப் பெண் மண்வெட்டியால் தண்ணீரைப் பாத்தி மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுச் சாரதியிடம் கேட்டாள்.

“உவர் ஆர், கணக்கெடுக்க வந்த விதானையாரோ? மரமெல்லாம் எண்ணுறார்.”

“கலியாண வீட்டுக்காரர். சோடி தேடுறார்.”

சோடி அங்கே இருந்தது. அருகருகே இரண்டு மரங்கள், இரண்டிலும் ஊதா நிறப் பொத்தி முழுசாக. ஒன்றில் ஒன்பது சீப்பு. மற்றதில் எட்டுத் தெரிந்தது. ஒன்பதாவது இருந்தால் அது முட்டுத் தடிக்குப் பின்னால், குலை தண்டோடு ஒட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கழுத்தை வளைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. தடியை நாலு விரல் அளவு நகர்த்தினேன்.

“அப்பு, தடியிலை கை வையாதேங்கோ!”

அவள் கத்தியதும் காற்று வந்ததும் ஒன்றாகத்தான். மரம் என் பக்கம் விழவில்லை, அது கடவுள் புண்ணியம். பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்தது, அது அதற்கடுத்த மரத்தையும் கூட்டிக்கொண்டு போனது. மூன்றும் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்தன.

அவள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

“எண்ணி முடிஞ்சுதோ அப்பு?”

“முடிஞ்சுது பிள்ளை. ஒன்பதுதான்.”

அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். “பேசாமல் போகப்படாது. மூண்டும் இனி உங்கடை,” என்றாள். ஓம் என்றேன்.

நான் தேடி எடுத்த சோடியில் ஒன்றுக்குப் பொத்தி முறிந்து தண்ணீரில் மிதந்தது. மற்றதும், கடைசியாக விழுந்ததும் பொத்தியோடு தப்பியிருந்தன. ஆனால் கடைசி மரத்தில் சீப்பு ஏழு.

“இன்னும் ஒரு தோட்டம் பாப்பமோ?” என்று சாரதியைக் கேட்டேன்.

“மணி பதினொண்டு பத்து. நீங்கள் எண்ணி முடிக்க நாளைக்குத் தாலியும் கட்டியிடும்.”

“கலியாணத்துக்கு வாறவை சீப்பு எண்ணவே வருகினம்?” என்றாள் அவள்.

“ஒராள் எண்ணுவார்,” என்றார் சாரதி.

அப்போது மகளின் தொலைபேசி. “அப்பா, எங்கை நிக்கிறியள்? பந்தல்காரர் ஏணி வைச்சிட்டினம்.”

ஒன்பதையும் ஏழையும் மாறி மாறிப் பார்த்தேன். “வாறன், நிண்டுகொள்ளச் சொல்லு,” என்றேன். “ஏத்துங்கோ.”

அவளும் சாரதியும் அடியோடு வெட்டி, இலைகளை மடித்துக் கட்டி ஏற்றினார்கள். காசு கொடுத்ததால் பொத்தி முறிந்த மரத்தையும் விடவில்லை. என் வேட்டியில் வாழைக் கயர்க் கறை ஏழு இடத்தில். வீட்டு வாசலில் இறங்கியபோது பதினொன்று ஐம்பத்திரண்டு. இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாழை ஏற்கெனவே நின்றது.

“அவிழுங்கோ அண்ணை, அப்பா வந்திட்டார்,” என்றாள் மகள்.

மரங்களைக் கட்டி முடித்ததும் பேத்தி மருதோன்றிக் கைகளை விரித்தபடி வெளியே வந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“அம்மப்பா, நல்ல வடிவு. பொத்தியைப் பாருங்கோவன்!”

நான் பொத்தியை மட்டும் பார்த்தேன். மறுநாள் தாலி கட்டும்போதும் வாசல் பக்கம் இரண்டு தடவைதான் திரும்பினேன்.

பிளாஸ்டிக் சோடிக்குப் பேசிய வாடகை திரும்பாது என்று பந்தல்காரர் சொன்னார். அதை மகள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. மூன்று மரம் ஏழாயிரத்து ஐந்நூறு, லொறி மூவாயிரத்து எண்ணூறு, பிளாஸ்டிக்குக்கு மூவாயிரம். மொத்தம் பதினாலாயிரத்து முந்நூறு ரூபாய்.