தோல் சிரிப்பு

வாடிக்கைக்காரர் கடைப்படி இறங்கித் தெருவில் கலந்த பிறகுதான் ஜெபமணி வாயைத் திறப்பார். "தோலு சிரிச்சிருச்சு. சதை சிரிக்கல" என்பார், கூட வேலை பார்க்கும் என்னிடம், விரித்த சேலையை மடித்துக்கொண்டே.

போடி கடைவீதியில் துணிக்கு ஆலாய்ப் பறக்கிற காலம் இது. சண்டையில் துணிக்கு ரேஷன் கட்டுப்பாடு வந்த பிறகு, அளவுக்கு மேல் அரைக் கஜம் கிடைக்காதா என்று ஊரே ஜவுளிக்கடைச் சிப்பந்தியான ஜெபமணியைப் பார்த்து இளிக்கிறது. முன்பு ஏறிட்டும் பாராத மிராசுதார்கூட இப்போது "என்ன மாப்ளே" என்று முறை கொண்டாடுகிறார்.

அந்தத் தோல் சிரிப்புப் பேச்சு ஜெபமணி மலாயாவில், ஈப்போவில் கற்றது. அங்கே அவர் வேலை பார்த்த கடைக்குப் பக்கத்தில் பன்றிக்கறி விற்ற கான்டன் சீனர் சொல்லிக்கொடுத்தாராம். "பெய் சியூ, யுக் பட் சியூ" என்று சீனத்திலும் சொல்லி, தன் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துக் காட்டுவார். அதைச் சொல்வதற்கு முறையும் உண்டு. "மூஞ்சிக்கு நேரா சொல்லப்பிடாது. பசிச்சவுக சிரிச்சா அப்பவும் சொல்லப்பிடாது. அது வேற சிரிப்பு."

தங்கை கல்யாணத்துக்கென்று நாற்பத்தொன்றில் தனியாகக் கப்பலேறி வந்தவர். மனைவி சுகிர்தமும் மகளும் ஈப்போவிலேயே தங்கிவிட்டார்கள். இவர் திரும்புவதற்குள் ஜப்பான்காரன் புகுந்துவிட்டான். அன்றிலிருந்து ஒரு சேதியும் இல்லை. யாராவது விசாரித்தால் "வந்துருவாக" என்று சிரிப்பார்.

போன வாரம் வடுகபட்டி கர்ணன் கடைக்கு வந்தார். சண்டை முடிந்து மலாயாவிலிருந்து முதல் கப்பலில் வந்தவர். ஈப்போவில் ஜெபமணி குடும்பம் இருந்த அதே தெருக்காரர். ஜெபமணியின் கை கஜக்கோலின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"எங்க வீட்ல... பாத்தீகளா?"

கர்ணன் சிரித்தார். உதடுதான் விரிந்தது, கண் ஜெபமணியின் முகத்துப் பக்கம் வரவேயில்லை. "நல்லா இருக்காக அண்ணே. அடுத்த கப்பல்ல வந்துருவாக" என்றவர், வரவழைத்த காப்பியைத் தொடாமல் விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பேச்சு வருமென்று நான் ஜெபமணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல்தட்டிலிருந்து பூப்போட்ட சீட்டித் துணியை இறக்கினார்.

"பாப்பாவுக்கு இப்பப் பத்து வயசு இருக்கும்ல" என்று என்னைக் கேட்டுவிட்டுக் கவுனுக்கு அளந்தார். வளர்ந்திருப்பாளே என்று இன்னும் கால் கஜம் கூட்டி, கத்தரியை வைத்தார்.