முழங்காலுக்கு நடுவே ஒரு மானிட்டர்

என் வீட்டுக்காரரைத் துறைமுகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மேகம்’ என்பார்கள். பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டினவர். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பார். இறங்கின பிறகும் மனிதர் முழுசாக இறங்கியிருக்க மாட்டார். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், அரை நிமிஷம் கழித்து, “இன்னிக்குக் காத்து கம்மி” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் ஒரு நாள், மேலேயே அவருக்குத் தலை சுற்றிவிட்டது. தூக்கிய கண்டெய்னரை அந்தரத்தில் அசையாமல் நிறுத்தி, கீழே இருப்பவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாராம். இரண்டு பேர் போய்க் கைத்தாங்கலாக இறக்கினார்கள். இனி உயரம் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து ஸ்டோர் ரூமில் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் சாயங்காலங்களில் மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டில், முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேல் ஏற மாட்டார்.

ஒரு பலூன் விளையாட்டை ஸ்டோரில் கூட வேலை செய்கிறவர் போனில் காட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரில் விளையாடுவது. சண்டை கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. பலூன் கூடையில் நின்றுகொண்டு ஊர்களுக்கு மேலே மெல்ல மிதந்துகொண்டே போகலாம். வீட்டுக்கு வந்ததும், “ஏம்மா, ஒரு கம்ப்யூட்டர் வாங்குவோமா?” என்று கேட்டார். மாசக்கணக்கில் அவராக வாய் திறந்து கேட்ட முதல் விஷயம். தலை சுற்றாமல் இன்னொரு முறை மேலே இருக்க முடியுமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

கம்ப்யூட்டர் கடைக்கார அம்மாள் கெட்டிக்காரி. பலூன் என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அண்ணே, பிராசஸர் நல்லதா போட்டா, கீழ தெரியற வீடு, மரம், வண்டி எல்லாம் தடங்காம வரும். மானிட்டர் பெருசா போட்டா கண்ணு நிறைய தெரியும். நீங்க சொல்ற தொகைக்கு ரெண்டுல ஒண்ணுதான் உசத்தியா போடலாம்.”

இவர் வரிசையாக வைத்திருந்த மானிட்டர்களுக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொன்றிலும் மவுஸை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். கயிற்றில் தொங்குகிற பாரம் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று பார்த்துப் பழகின கண். “இது கையோடவே வருது. இது கொஞ்சம் இழுக்குது” என்றார். கடைக்கார அம்மாள் பெட்டியில் போட்டிருந்த வேகக் கணக்கைப் படித்துவிட்டு, “கரெக்டுண்ணே!” என்று வாயைப் பிளந்தாள்.

இத்தனையும் பார்த்தவர், கடைசியில் எதை எடுத்தார் தெரியுமா? சுவரை அடைக்கிற மாதிரி வளைந்த ஒரு பெரிய மானிட்டர். “கிரேன் கேபின் கண்ணாடி மாதிரியே இருக்கு” என்று அதன் முன்னால் சொக்கிப்போய் நின்றுவிட்டார். பிராசஸர் சுமாராகத்தான் அமைந்தது.

ஒரு விடுமுறை மத்தியானம் பலூன் கிளம்பியது. தோட்டங்கள் விலகின, ஓர் ஆறு வளைந்து வந்தது. ஓர் ஊர் நெருங்கும்போது படம் விட்டு விட்டு வந்தது. கிளம்பி மூன்று நிமிஷம்தான் இருக்கும். இவர் முகம் வெளுத்து, இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரை அணைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து மானிட்டரை மூடினார்.

“விடும்மா. நமக்கு இனிமே தரைதான்.”

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் நேராகவே கேட்டேன்.

“என்னங்க, அங்க மேல எப்படித்தான் உக்காந்திருப்பீங்க? ஒரு நாளாவது காட்டியிருக்கீங்களா?”

குடும்பத்தாரை மேலே விடமாட்டார்கள். அதனால் நான் பார்த்ததே இல்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்காலை அகட்டினார். தலையைக் குனிந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவே தரையைப் பார்த்தார்.

“காலுக்குக் கீழ கண்ணாடி. பாரம், கப்பல் எல்லாம் அதுலதான் தெரியும்.”

“அப்போ நேரா?”

“நேரா என்ன இருக்கு? வெறும் வானம். அதை யாரு பாத்தா?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “பதினெட்டு வருஷம் குனிஞ்சே பாத்த மனுஷன், எதுக்கு மூஞ்சிக்கு நேரா மானிட்டர் வாங்கினீங்க?”

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார்.

மறுநாள் கடையில் எங்களைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. இவர் நடுக்கடையில் ஸ்டூல் போட்டு உட்கார, நானும் கடைக்கார அம்மாளும் ஒவ்வொரு மானிட்டராகத் தரையில் மல்லாக்க வைத்தோம். வளைந்தவை ஆடின. பெரியவை முழங்காலில் இடித்தன. நடுத்தரமாக, தட்டையாக ஒன்று பாந்தமாக உட்கார்ந்தது. கையோடவே வருகிறது என்று முதல் நாள் சொன்னாரே, அதே ஜாதி. பெரிய மானிட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு நல்ல பிராசஸராக மாற்றிக் கொடுத்தாள். “இத்தனை வருஷத்துல மானிட்டருக்கு முழங்கால் அளவு எடுத்தது நீங்கதாண்ணே” என்றாள்.

வீட்டில் அதைத் தரையில் வைத்து, தலைமாட்டில் மட்டும் ஒரு பலகையைக் கொடுத்து லேசாகச் சாய்த்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தார். பலூன் எழும்பியது. கூரைகள் சிறுத்தன. துணி காயப்போட்ட மாடிகள், ஆமை வேகத்தில் ஒரு ரயில், வயல் மேல் பலூனின் நிழல். எதுவும் தடங்கவில்லை. நிழல் ஆற்றில் இறங்கிக் கரையேறிப் போனது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். மூன்று நிமிஷம். ஐந்து. பத்து. அவர் மேஜையைத் தேடவில்லை. உதடு பிரிந்து, தூங்குகிற பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஆசையாக இருந்தது.

“வாம்மா, வந்து பாரு.”

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவர் காலடியில் அதலபாதாளம். எனக்குக் கிறுகிறுவென்று வந்துவிட்டது. “ஐயோ, சுத்துதுங்க” என்று தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. “நல்லா புடிச்சுக்கோ” என்றார். “நான் இருக்கேன்ல.”

நான் பிடித்துக்கொண்டேன். அந்தத் தோளில் துளி நடுக்கம் இல்லை.