பன்றி அயோவாவில், படுக்கை சிகாகோவில்

கோரின் ஹாக்லண்டின் தொழில் ரொம்ப கௌரவமானது. தேர்தலில் நிற்கும் எதிராளியின் பழைய வரி, வழக்கு, விவாகரத்து எல்லாவற்றையும் தோண்டியெடுத்து தேர்தல் விளம்பரம் எடுக்கும் என்னைப் போன்றவர்களிடம் கொடுப்பாள். எங்கள் அயோவாவில் இதற்கு ஆய்வு என்று பெயர். அதையே பக்கத்து வீட்டுக்காரி செய்தால் வம்பு.

அவளுக்கு ஒரே ஆசைதான். எங்கள் தொகுதி ஒருமுறையாவது எங்கள் கட்சிக்கு வர வேண்டும். அதற்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டாள். மாப்பிள்ளை காத்திருக்கவில்லை.

வசந்த காலத்தில், கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல். கோரினுக்குச் சம்பளம் கொடுத்த வேட்பாளரை எதிர்த்து நின்றவர் டெல்மர் தேயர். சேறு ஒட்டிய பூட்ஸோடு மேடையேறி, தான் பன்றி வளர்க்கும் ஏழை விவசாயி என்று உருகுவார். ஐயா பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பக்கத்து மாநிலத்து சிகாகோவில் குடியிருப்பதைக் கோரின் கண்டுபிடித்தாள். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வீட்டு வரிச் சலுகையையும் வாங்கிக்கொண்டிருந்தார். விளம்பர வாசகத்தையும் அவளே எழுதினாள்: "பன்றி அயோவாவில், படுக்கை சிகாகோவில்."

ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுத் தேயரையே மயிரிழையில் ஜெயிக்க வைத்தது.

மறுநாள் வழக்கம்போல ஒற்றுமை விருந்து. நேற்றுவரை கடித்துக் குதறியவர்கள் பான்கேக் தின்றபடி கட்டிப்பிடித்துக்கொள்ளும் வைபவம் அது. தேயர் தட்டோடு கோரினிடம் வந்தார்.

"என்னைப் பத்தி என் பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு தெரியாதும்மா. பேசாம எங்கிட்டயே வேலைக்கு வந்துடு."

"வர்றேன். மொதல்ல அந்த சிகாகோ வீட்டை வித்துத் தொலைங்க."

"அட விடும்மா. அதான் எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சே."

வீட்டை அவர் விற்கவில்லை. இவள் வேலைக்குச் சேர்ந்தாள். தொகுதி வேண்டுமே.

அக்டோபரில், பொதுத்தேர்தல் நெருங்கும்போது, எதிர்க்கட்சி விளம்பரம் வெளியிட்டது. அதே பூட்ஸ், அதே வாசகம். தேயர் பதறிப்போய்க் கேட்டார். "பொய்னு அடிச்சு விட்டுரலாமா?"

"எப்படி விடறது? உண்மைதானான்னு ரெண்டு தடவை சரிபார்த்ததே நான்தான்."

தொகுதி போயிற்று.

ஜனவரியில் எங்கள் தொழில்காரர்களின் சங்க விருந்து. ஆண்டின் சிறந்த தாக்குதல் விளம்பரத்துக்கான பரிசை எதிர்க்கட்சிக்கு வேலை பார்த்த நிறுவனம் தட்டிச் சென்றது. எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் கோரின் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதினதுல ஒரு வார்த்தைகூட மாத்தல, பாத்தியா?" என்றாள். "மாத்தியிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்."

குரலில் பெருமை வேறு. கண்ணைத்தான் துடைத்துக்கொள்ள மறந்துவிட்டாள்.