ஏலக்காய்க் கிட்டங்கியில் ஒரு பட்டாபிஷேகம்

எழுபதுகளின் கடைசியில், போடியில் ஒரு வியாபாரியின் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தேன். அங்கே பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் என் முறத்துக் காயை மற்றப் பெண்கள் பங்குபோட்டுப் பிரிப்பார்கள். நான் நூலகத்துப் புத்தகத்தை உரக்க வாசிப்பேன். எனக்கு லாபமான ஏற்பாடு.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளைக்காரர் கதை ஒன்றின் தமிழாக்கம் கிடைத்தது. பழைய கிரேக்கக் காவியத்து வீரன் போர், கடல் என்று அலைந்து வீடு திரும்பிய பிறகு நடப்பதைச் சொல்லும் கதை. திரும்பிய மனுஷன் மனைவியை விட்டு மறுபடியும் கிளம்பிவிடுகிறான்.

"கால்ல சக்கரம் கட்டுன பய," என்று பெண்கள் சிரித்தார்கள்.

பக்கத்துக் கிராமமான சிலமலையிலிருந்து வரும் ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணவன் மலைத்தோட்ட வேலைக்கென்று போடிமெட்டு ஏறிப் போய் நான்கு வருடம். ஒரு கடுதாசி இல்லை. அவனை அத்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லி அவள் தம்பி நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"கதையில இவன் வீடு வந்து சேர்றானான்னு பாத்துட்டுத் தம்பிக்குப் பதில் சொல்றேன் தாயி," என்றாள். கோடாங்கியிடம் குறி கேட்க வேண்டியவள் என்னிடம் கேட்டாள்.

நான் கடைசிப் பக்கத்தை முதலிலேயே பார்த்துவிடுகிற ரகம். அவன் அயல்தேசத்தில் சாகிறான்.

கதையைச் சாவில் நிறுத்தக் கூடாது, பட்டாபிஷேகத்தில்தான் முடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைச் சாக்காக வைத்துக் கப்பலைப் பாதியில் திருப்பினேன். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனுக்கு முடிசூட்டிப் புத்தகத்தை மூடினேன். ஆளுக்கொரு கை பொரிகடலை தின்றோம். மறுநாள் சிலமலை அக்கா தன் தம்பியிடம் முடியாதென்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கணவன் வரவேயில்லை. மலைமேல் அவனுக்கு வேறு குடும்பம் இருப்பதாக ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று வருடக்கணக்காக எனக்கு உறுத்தியது.

எண்பதுகளின் நடுவில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அவன் செத்துப்போயிர்றான்க்கா. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"தெரியுமே. நீ பொஸ்தகத்த மூடயில இன்னும் ரெண்டு விரக்கடை கனத்துக்குத் தாளு பாக்கி இருந்துச்சு."

"பெறகு எதுக்குக்கா தம்பியத் திருப்பி அனுப்புன?"

"இன்னொருத்தனுக்குப் பொங்கிப்போட எனக்கு இஷ்டமில்ல. அதச் சொன்னா எவன் கேப்பான்? கதையில ராசா வந்துட்டாரு, எம் புருசனும் வருவாருன்னேன். வாயடைச்சுப் போயிட்டான்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை வருடமும் நான்தான் வெந்திருக்கிறேன்.

சிலமலை பஸ் வந்தது. ஏறப்போனவள் திரும்பினாள்.

"அந்த மிச்சத் தாள்ல அவன் பொண்டாட்டி என்ன ஆனா?"

"அவளப் பத்தி ஒண்ணுமே எழுதலக்கா."

"அப்ப நல்லாத்தான் இருந்திருப்பா," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.