ரேடியோக்காரர் சொன்ன நடுக்கம்

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன் நான். இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்கு நழுவிவிடுவேன். எழுத்தில் முகம் தெரியாது என்ற தைரியம்தான்.

நானும் என் மனைவியும் மலைத்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறோம். இப்போது கையால் கிள்ளுவது குறைவு. இரண்டு பேர் தூக்கும் மெஷின் வந்துவிட்டது. செடி நிரையின் ஒரு பக்கம் எஞ்சின் முனையைப் பிடித்து நான், மறுபக்கம் கைப்பிடியைப் பிடித்து அவள். நடுவில் தேயிலைத் தலைகளைத் தடவிக்கொண்டு பிளேடு போகும். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. நிற்க வேண்டுமென்றால் தாடையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பனி இறங்கிவிட்டால் அவள் முகம் வரும், போகும். சில நேரம் மறுமுனையைக் காற்று மட்டும் பிடித்துக்கொண்டு வருவதுபோல இருக்கும்.

அந்தப் பனியில்தான் எனக்கு அது முதலில் வந்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, இந்த நிமிடமே செத்துவிடுவேன் என்று பட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விட்டது. எஞ்சினின் அதிர்வுதான் உடம்பில் தங்கிவிட்டது என்று பல மாதம் நம்பினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பெஞ்சில், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தபோது வந்தது. அங்கே எஞ்சின் இல்லை.

யாரிடம் சொல்வது? நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் அவர் பெயரே பைத்தியம் என்று மாறிவிடும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நிரையில் நான் மயங்கினால், ஓடுகிற பிளேடு அவள் பக்கம் சாய்ந்துவிடும். கனவிலும் அந்தச் சாய்வுதான் வந்தது. பச்சை மலை முழுவதும் சத்தமில்லாமல், மெதுவாகச் சாய்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் பத்து மணி டீக்கு உட்கார்ந்திருந்தோம். எங்கள் வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் கைப்பேசியில் ரேடியோ. தினமும் எங்களைச் சிரிக்கவைக்கிற அறிவிப்பாளர் அன்று சிரிக்கவில்லை. மைக் முன்னால் உட்காரும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும், கை நடுங்கும், பல வருடம் ஒளித்துவைத்தேன், இப்போது டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறேன் என்று, மழை வருகிறது என்பதைப்போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"இவனுக்கேவா? அப்ப நாட்டுல பாதிப் பேரு மெண்டல்தான் லா," என்றார் கங்காணி.

"உங்களையும் சேத்துதான் கங்காணி," என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவள் டம்ளருக்குள் பார்த்தபடி, "பாவம், இத்தன வருசமா ஒத்தையில கெடந்து பயந்திருக்காரு," என்றாள்.

எனக்கு உடம்பு லேசானது. பனிக்குள் யாரோ முன்னால் நடந்துபோன தடம் தெரிந்தமாதிரி இருந்தது. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. என் நெஞ்சுக்குள் இருந்ததை அவர் குரலில் கேட்டேன்.

நிரைக்குத் திரும்பினோம். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தேன், இழுக்கவில்லை.

"என்னங்க, பெட்ரோல் இல்லியா?"

"இருக்கு. அந்த ரேடியோக்காரரு சொன்னாருல்ல... எனக்கும் அதான்மா. ரொம்ப நாளா."

செடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள்.

"கை நடுங்குறது எனக்குத் தெரியும். கைப்பிடி வழியா எனக்கு வருமில்ல. நீங்க திருட்டுத்தனமா சம்சு குடிக்கிறீங்கன்னு நெனச்சேன். உங்க பூட்ஸுக்குள்ளலாம் போத்தல் தேடுனேன்."

"பூட்ஸுக்குள்ளயா?"

"வேற எங்க ஒளிப்பீங்க? அடுப்படிப் பக்கமே வரமாட்டீங்களே."

சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு கிளினிக் போலாம். அதுவரைக்கும் எஞ்சினத் தொடாதீங்க," என்றாள்.

மெஷின் கோளாறு என்று கங்காணியிடம் அவளே சொல்லிவிட்டு வந்தாள். அன்று மீதி நேரம் ஆளுக்கொரு கைக்கத்தரியால் வெட்டினோம். பனி விலகவே இல்லை. கத்தரிச் சத்தத்தில் பேச முடிந்தது. என்ன பேசினோம் என்று இப்போது நினைவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து அவள் குரல் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் தானா ராத்தா டவுனுக்குப் போனோம். கிளினிக்கில் நல்ல கூட்டம். எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். சோதனைக்கு இரத்தம் எடுத்தார், இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார், திரும்பவும் வரச் சொன்னார்.